உள்வாய்

ஏலத்தில் எடுத்த குழாய்.
காவேரிப்பட்டணம் பக்கம் மூடிப்போன மாங்கூழ் ஆலை
கழற்றிப் போட்டது, கிலோ கணக்கில்.
முந்நூற்று நாலு ஸ்டீல், ரெண்டரை அங்குலம்.
பதினோரு சீசன் பெங்களூரா கூழ் ஓடிய வயிறு.

ஓசூரில், ராயக்கோட்டை ரோட்டில் என் ஷெட்.
டிஸ்க் வைத்து அறுத்ததும் பொறியோடு சேர்ந்து
வெல்லம் தீய்ந்த வாசனை.
மாதேஷ் கண்ணாடியைத் தூக்கி மோந்துவிட்டு
"அண்ணா, இதை மாட்டினா
காருக்குப் பின்னாடி ஈ வருமா?" என்றான்.

கார், அறுபத்தேழாம் வருஷத்து ஸ்பிட்ஃபயர்.
ரெண்டே இருக்கை.
கதவுக்கு வெளியே கை விட்டால்
ரோட்டில் தீக்குச்சி உரசலாம்.
சொந்தக்காரி டாக்டர் பார்கவி,
பாகலூர் ரோட்டில் பல் ஆஸ்பத்திரி.
முன்பு யாரோ வைத்திருந்தபோது எடுத்த
ஒரே ஒரு போட்டோ கொண்டுவந்தார்.
வண்டியின் பின்புறம். ரெண்டு புகைவாய்.
ஒன்று தெரிகிறது.
மற்றதை மறைத்துக்கொண்டு ஒரு நாய் நிற்கிறது.

"நாய்க்குப் பின்னாலயும் இதே மாதிரிதான் இருக்கும்."
"எப்படித் தெரியும்?"
பதில் இல்லை.
போட்டோ நாயை யார் விரட்டுவது?

நம்பர் பிளேட் அகலத்தை வைத்துக் கணக்குப் போட்டேன்.
மணலைச் சலித்து, இரும்புச் சட்டியில் வறுத்து
(ஈரம் மிஞ்சினால் அடைப்பு வெடித்து முகத்துக்கு வரும்)
குழாய்க்குள் இடித்து நிரப்பி,
ரெண்டு பக்கமும் கட்டை அடித்து,
சிவக்கச் சிவக்க வளைத்தேன்.
விளிம்புதான் படுத்தியது.
நாலு மில்லி கம்பியை உள்ளே வைத்துத்
தூக்குப்போணி வாய் போல மடக்க வேண்டும்.
முதலாவது கிழிந்தது.
அடுத்தது கோணியது, அப்படியே சாம்பல் கிண்ணமாக
மாதேஷ் மாமனார் வீட்டுக்குப் போனது.
மூன்றாவது, சுத்தியல் சொன்னதைக் கேட்டது.

சனிக்கிழமை மதியம். ஆர்கான் சிலிண்டர் தீரப் போகிறது.
வெளித்தையலுக்கு மட்டும் வாயு விட்டேன்.
உள்ளே விடவில்லை.
புகை போகிற வழியை
யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?
வெளியே, காசு சரித்து வைத்த மாதிரி வரி,
பொன், ஊதா, மயில்கழுத்து நீலம்.
நானே பத்து படம் எடுத்துக்கொண்டேன்.

திங்கள் காலை டாக்டர் வந்தார்.
கைப்பையிலிருந்து வெளியே வந்தது
நீளக் காம்பு வைத்த சின்ன வட்டக் கண்ணாடி.
நெற்றியில் விளக்கு.
என் வேலையைப் பெஞ்சில் மல்லாக்கப் போட்டு
ஒன்றும் பேசாமல் ஒரு சுற்று.
"சொத்தை" என்றார்.

காற்றுப் பட்ட உள்தையல் கறுத்து,
கற்கண்டு நொறுக்கிய மாதிரிப் பொரிந்துவிடும்.
வெல்டர் பாஷையில் அதன் பேர் வேறு.
"சொத்தை இல்லைங்க மேடம், சர்க்கரை."
மாதேஷுக்கு எப்போதும் உண்மைதான் வாயில் வரும்.
"அதைத்தான் நானும் சொல்றேன்."

அறுத்தேன். சிப்காட்டிலிருந்து புது சிலிண்டர்.
ரெண்டு முனையும் டேப் ஒட்டி, உள்ளே வாயு நிரப்பி,
காற்று முழுக்க வெளியேறும்வரை
ஒரு டீ குடிக்கும் நேரம் சும்மா உட்கார்ந்து,
பிறகுதான் தீ.
நாய் மறைத்ததை மட்டும்
அரை விரல் நீளம் கூட்டி விட்டேன்.
ஏனென்று கேட்டால் தெரியாது.

மாட்டினோம். சாவி திருகினார்.
முதலில் ஒரு செருமல்.
பிறகு தவிலின் தொப்பிப் பக்கம் மட்டும்,
அவசரமில்லாமல்.
எதிர் டயர் கடைக்காரர் ஜாக்கியை விட்டுவிட்டு வந்தார்.
வண்டி சூளகிரி வரை போய்த் திரும்பியது.
வெல்ல வாசனை இல்லை, பெட்ரோல்தான்.
மாதேஷுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பணத்தை எண்ணித் தந்துவிட்டு
இடது பக்கக் குழாயை விரலால் அளந்தார்,
சிரித்தார். நானும் சிரித்தேன்.
சிரித்திருக்கக் கூடாது.
"இடது கீழ், கடைசிக்கு முந்தினது.
எத்தனை நாளா?"
வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது ஷெட்டில்
மிச்சக் குழாய்த் துண்டுக்குள் ஒரு எறும்பு வரிசை
போய்ப் போய்த் திரும்புகிறது.
என் நாக்கும்தான்.